பின்வளவுப் பைப்

குட்மேய்ஸ்,
27.10.2024

என்ர குஞ்சு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று எழுதிவிட்டேன். பிறகு பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்து அந்தத் தாளைக் கிழித்தேன். இது இரண்டாவது தாள். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க எனக்குத் தெரியும். நான் இருக்கிறேன். முழங்கால் வலி முந்தின மாதிரித்தான்.

இந்த வீட்டில் நான் கதைக்கிற ஆள் நீதான். கதைக்காமல் இருக்க ஏலாததால் எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று கேட்காதே. உன் வேலைப் பைக்குள் வைக்கப் போகிறேன்.

அன்று விடிய உனக்கு மூச்சு இழுப்பு வந்தபோது நீ என்னைக் கூப்பிட்டாயோ தெரியாது. எனக்குக் கேட்கவில்லை. அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டு டொலறஸ் அக்கா என்னை அடுப்பு மூட்ட விடவில்லை. சாவு விழுந்த துடக்கு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அவர்களுடைய வேதத்தில் இல்லை. என்றாலும் ஒவ்வொரு நாளும் மரக்கறி மட்டும் சமைத்து, சாப்பாட்டுப் பெட்டியைக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டுப் போகிறா. மணி அடிக்கவும் மாட்டா. நான் அழுதுகொண்டு வந்து கதவு திறக்க வேண்டி வரும் என்றுதான். அவவின் மகள் தாரகா பச்சைப் பிள்ளையோடு வந்து நிற்கிறாள், அந்த வேலைக்குள்ளும் எனக்குச் சமைக்கிறா. இந்தக் கடனை எந்தப் பிறப்பில் தீர்ப்பேனோ.

உன் பையை இன்றைக்குத்தான் திறந்தேன். ஸ்பனர், வெள்ளை ரேப் சுருள், தண்ணீர் அழுத்தம் பார்க்கிற, முள் ஆடுகிற அந்த அளவு மணிக்கூடு, பாதி பிஸ்கற். அடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கியூட்டெக்ஸ் போத்தல். நகத்தில் ஒருநாளும் ஒன்றும் பூசாத பிள்ளை, இதை ஏன் காவித் திரிந்தாய்?

உன் வேலையை ஆக்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு. "கம்சிகா என்ன செய்யிறா?" என்று கோயிலில் கேட்பார்கள். "கடை, சலூன், கார் வாஷ் எண்டு போவாள். அங்க போன தண்ணி திரும்பித் தெருக் குழாய்க்குள்ள வராமல் தடுக்கிற வால்வ் ஒண்டு இருக்காம். அது வேலை செய்யுதோ எண்டு வருசா வருசம் சோதிக்கிறாள்" என்பேன். "ஓ, பிளம்பரோ" என்று முகத்தைச் சுளிப்பார்கள். எனக்குப் பெருமைதான்.

என்னோடும் ஓயாமல் சண்டை பிடிப்பாய். "அம்மா, ஹோஸை வாளித் தண்ணிக்குள்ள விடாதேங்கோ. தெருக் குழாயில தண்ணி வராமல் நிண்டா அது திருப்பி உறிஞ்சும், நாங்கள் ஸ்ட்ரோவில சர்பத் உறிஞ்சிற மாதிரி. நாலு வீட்டுக்கும் ஒரே குழாய். வீடு உங்கட பேரில, பொறுப்பும் உங்கடைதான்." நான் ஓம் ஓம் என்றுவிட்டுப் பிறகும் விடுவேன். பிறகு நீ சொல்வதையே விட்டுவிட்டாய். அலுத்துப் போயிருக்கும்.

ஒரு பல்ப் மாற்றினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். "தாங்க்ஸ் சொல்லுங்கோ அம்மா, சொன்னாத்தான் போவன்." இப்போது சமையலறை பல்ப் விட்டுவிட்டு எரிகிறது.

உன் அம்மா

*

குட்மேய்ஸ்,
15.11.2024

அன்புள்ள யோகம்,

தங்கச்சி, உன் சீனி வருத்தம் எப்படி? மருந்தை நேரத்துக்குப் போடு. உனக்குக் காது கேட்டிருந்தால் போனில் அழுதிருப்பேன். அழுகையை எழுத எனக்குப் படிப்புக் காணாது.

கம்சியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி புதன்கிழமை முடிந்தது. ஐயர் லூயிஷாமில் இருந்து நேரத்துக்கு வந்துவிட்டார். எத்தனை சனம் யோகம்! அவள் வால்வ் சோதிக்கப் போன கடைக்காரர் எல்லாரும் வந்தார்கள். ஒரு சீனக் கிழவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னா. ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. கார் வாஷ் வைத்திருக்கிற தியாகராஜா அண்ணை பந்தியில் பரிமாறினார். என் பிள்ளை இத்தனை பேரைச் சேர்த்து வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கடவுளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், கோபம் ஒரு பக்கம் இருந்தாலும்.

முதல் நாள் வீடு கழுவினேன். மத்தியானம் தெரு முனையில் பெரிய குழாய் உடைந்து வீடுகளுக்குத் தண்ணீர் வராமல் நின்றுவிட்டது. பின்னேரம் திரும்ப வந்தபோது டொலறஸ் அக்கா வீட்டுப் பைப்பில் மஞ்சளாக வந்ததாம். தாரகாவின் குழந்தைக்கு வயிறு சரியில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள்.

கை நடுங்குகிறது. நிறுத்துகிறேன். உன்னைக் கவனித்துக்கொள்.

அக்கா சிவனேஸ்வரி

*

குட்மேய்ஸ்,
18.11.2024

அன்புள்ள யோகம்,

நீ சுகமாக இருக்க வேண்டும். முந்தின கடிதம் உனக்கு இன்னும் கிடைத்திராது. அதில் ஒன்றை எழுதாமல் விட்டேன். பதில் வரும்வரை பொறுத்திருக்க ஏலாது.

வீடு கழுவின அன்று பின்வளவு முழுக்கப் பாசி. வருகிற ஆக்கள் வழுக்கி விழக்கூடாது என்று நீலப் பரல் பீப்பாயில் தண்ணீர் நிரப்பினேன். துடக்குக் கழிய மஞ்சள் தூள் ஒரு பைக்கற் கரைத்தேன். இரண்டு வேலையையும் ஒன்றாக முடிக்கலாம் என்று பாசி மருந்தையும் அதற்குள்ளேயே ஊற்றினேன். மண்டையோட்டுப் படம் கீறின போத்தல். ஹோஸின் நுனி பரலின் அடியில் கிடந்தது. பைப் திறந்தபடி. அந்த நேரத்தில்தான் தெருக் குழாயில் தண்ணீர் நின்றது.

டொலறஸ் அக்கா மதிலுக்கு அந்தப் பக்கத்தில் நின்று, "சிவம், உனக்கும் பைப்பில மஞ்சளாவோ வருது?" என்று கேட்டா. நான் ஹோஸைப் பார்த்தேன். கம்சி சொன்ன ஸ்ட்ரோ, சர்பத் கதை எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. "பாக்கேல்லை அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன் யோகம். அதற்குள் அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தாயிற்று.

அடுத்த நாள் அந்தியேட்டிக்கும் அக்காவே பெரிய சட்டியில் பாயாசம் காய்ச்சிக் கொண்டுவந்தா. என் பங்கை நான் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டேன்.

சனிக்கிழமை விடியப் போத்தலைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றா.

"அக்கா, என்ர பரல் தண்ணிதான் உங்கட பைப்புக்குள்ள வந்திருக்கும்."

"மஞ்சள் தண்ணியோ? அதுக்கென்ன, மஞ்சள் நல்லதுதானே."

"மஞ்சள் மட்டும் இல்லை. மருந்தும் கலந்தனான்."

"என்ன மருந்து?"

போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அவ மண்டையோட்டைப் பார்த்தா. "மாதாவே" என்றா. கத்தியை வைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவவில்லை. "போத்தலை எடு. செருப்பைப் போடு. வா."

ஆஸ்பத்திரியில் தாரகா குழந்தையின் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா விசயத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் முகம் மாறியது.

"அன்ரி, நாலு நாளா இதை மனசுக்குள்ள வைச்சுக்கொண்டா இருந்தனீங்கள்?"

"பயத்தில பிள்ளை..."

"உங்கட பயமோ பெரிசு? இந்தக் கையைப் பாருங்கோ. ஊசி ஏத்த நரம்பு கிடைக்கேல்லை எண்டு காலில ஏத்தியிருக்கினம்."

"வந்து சொன்னவளோட ஏனடி பாயிறாய்?" என்றா அக்கா. "சொல்லாமல் விட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"அம்மா, நீங்கள் வாயை மூடுங்கோ!"

டொக்டர் போத்தலை வாங்கிக்கொண்டு போனார். திரும்பக் குழந்தையிடம் இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சத்தத்தை நீ கேட்காதது நல்லது. தண்ணிக் கொம்பனிக்கும் அங்கிருந்தே தாரகா போன் பண்ணினாள். அவர்கள் வந்து எங்கள் நாலு வீட்டுத் தண்ணீரையும் போத்தலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டைச் சோதிக்க ஒருவர் வருகிறாராம்.

என் பிள்ளை போனாள். எனக்குச் சோறு தந்த வீட்டுப் பிள்ளையை நான் கொல்லப் பார்த்தேனோ? வீடு போனாலும் பரவாயில்லை. அந்தக் குழந்தை எழும்ப வேண்டும். நீ பிள்ளையாருக்குத் தேங்காய் உடை.

இன்று காலையும் கதவில் சாப்பாட்டுப் பெட்டி கொழுவியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

அக்கா

*

குட்மேய்ஸ்,
26.11.2024

அன்புள்ள யோகம்,

முதலில் இதை வாசி: குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. பால் குடிக்கிறது. இனி ஆறுதலாக இருந்து மற்றதை வாசி. நீ நலமா? அங்கே மழை என்று செய்தியில் சொன்னார்கள்.

இரத்தத்தில் மருந்து ஒன்றும் இல்லையாம். தாரகாவின் மூத்த பொடியன் நேசரிப் பள்ளியில் இருந்து கொண்டுவந்த வயிற்றுக் கிருமிதானாம். என்றாலும் தண்ணீரில் என்ன வந்தது என்று தெரியும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

நேற்றுத் தண்ணிக் கொம்பனிக்காரர் வந்தார். பெரிய உருவம், ஆபிரிக்கர், சப்பாத்துக்கு மேல் நீல உறை போட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைத்தார். மொழிபெயர்க்க ஆள் தேடி நான் முழித்துக்கொண்டு நிற்க, தாரகா வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாத பிள்ளை.

"வீடு ஆற்ற பேரில எண்டு கேக்கிறார், அன்ரி."

"என்ர பேரில."

"அப்ப பொறுப்பு உங்களுக்குத்தானாம். ஒருத்தற்ற வீட்டுக்குள்ள போன தண்ணி திரும்பி வெளிக் குழாய்க்கு வரக்கூடாதாம். அது சட்டமாம். தெரியாது எண்டு சொல்ல ஏலாதாம்."

"சொல்லு பிள்ளை, என்ன தண்டனை எண்டாலும் ஏற்கிறன் எண்டு."

தாரகா அதை அவருக்குச் சொல்லவில்லை.

பின்வளவுக்குப் போனோம். அவர் ஹோஸைக் கழற்றினார். உள்ளே முழுக்க மஞ்சள். பிறகு குனிந்து லைற் அடித்துப் பைப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார் யோகம்! பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் திருகாணியை இளக்கிக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்தார். பளிங்கு மாதிரி இருந்தது. தாரகாவிடம் என்னவோ சொன்னார். அவள் ஈரம் என்றும் பாராமல் படியில் இருந்துவிட்டாள்.

"அன்ரி, போகேல்லையாம். உங்கட பரலில இருந்து ஒரு துளியும் போகேல்லையாம்."

பைப்பின் வாயில் பித்தளையில் குண்டாக ஒன்று பூட்டியிருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் கண்டதுதான், பைப்பின் வடிவமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதற்குள் இரண்டு சின்னக் கதவுகளாம். தண்ணீர் வெளியே வரலாம், திரும்பிப் போக ஏலாது. குழாய் உறிஞ்சின உடனே அவை இரண்டும் அடித்துச் சாத்திக்கொண்டனவாம். நாலு வீட்டுத் தண்ணீரிலும் மஞ்சளும் இல்லை, மருந்தும் இல்லை. தெருக் குழாய் உடைந்ததில் கழன்று வந்த பழைய இரும்புக் கறள்தான் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது.

என்றாலும் என்னை விடவில்லை. இது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற வேலைக்குத்தான் காணுமாம், மருந்து கலக்கிற வேலைக்கு இதை நம்பக் கூடாதாம், ஹோஸ் ஒருநாளும் தண்ணீருக்குள் தாழக் கூடாதாம். விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்குக் கம்சியே நின்று ஏசுகிற மாதிரி இருந்தது. நல்லாய் ஏசட்டும் என்று நின்றேன்.

போகும்போது, இதை யார் பூட்டினது, கைவேலை சுத்தம் என்றார். பழைய பைப்பில் பிறகு பூட்டினதாம். ஒருவருக்கும் தெரியாது.

"கம்சி அக்காவா இருக்கும்" என்றாள் தாரகா.

எனக்கும் நெஞ்சு அப்படித்தான் பாய்ந்தது. ஆனால் யோகம், அவள் செய்திருந்தால் சொல்லிக் காட்டாமல் இருப்பாளா? பல்ப் மாற்றினாலே தாங்க்ஸ் கேட்டு நிற்கிறவள். அவளின் அப்பா இருந்த காலத்தில் பூட்டியிருக்கலாம். எங்களுக்கு வீடு விற்ற வெள்ளைக்காரர் பூட்டியிருக்கலாம். ஆசை என்பதற்காக நம்பிவிட்டு, பிறகு இல்லை என்று ஆனால் அவளை இரண்டாம் முறை பறிகொடுத்த மாதிரி இருக்கும். ஆகவே யார் என்று தெரியாத அந்தப் புண்ணியவானுக்குத்தான் விளக்கு வைத்தேன். வால்வின் கழுத்தில் சின்னதாக ஒரு பெயின்ற் பொட்டு இருக்கிறது. கறுப்போ நீலமோ, என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

தாரகா போகும்போது, "அன்ரி, பின்னேரம் வந்து பிள்ளையைத் தூக்குங்கோ" என்றாள். போனேன். தூக்கினேன்.

அக்கா

*

கரவெட்டி,
3.12.2024

அன்பு அக்காவுக்கு யோகாம்பிகை எழுதுவது,

என் சீனி ஏறியும் இறங்கியும் தன் பாட்டில் இருக்கிறது. நீ எப்படி? நீ பதினைந்தாம் திகதி எழுதின ஒரு கடிதம்தான் வந்தது. ஆளாளுக்கு நன்றி எழுதியிருக்கிறாய். கடைசியில் பைப்பில் மஞ்சள் என்றாய், குழந்தைக்கு வருத்தம் என்றாய், கை நடுங்குகிறது என்று ஓடிவிட்டாய். அக்கா, எனக்குக் காதுதான் கேளாது. சின்ன வயதில் மாங்காய் களவெடுத்த அன்றும் நீ இப்படித்தான், எல்லாருடைய சுகத்தையும் விசாரித்துவிட்டுக் குப்புறப் படுத்தாய். என்னத்தை முழுங்குகிறாய்? எழுது.

இங்கே மழை விடவில்லை. நாங்கள் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். பயப்படாதே, சனத்தோடு சனமாகச் சிரிப்பும் கதையுமாகப் பம்பலாக இருக்கிறது. அவ்வளவுதான்.

கம்சியின் படத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

யோகம்

*

குட்மேய்ஸ்,
5.1.2025

அன்புள்ள யோகம்,

பள்ளிக்கூடத்தில் ஏன் இருக்கிறாய்? வீட்டுக்குள் வெள்ளமா? அதை எழுதாமல் பம்பல் என்று எழுதுகிறாய், என்னை முழுங்குகிறேன் என்று ஏசுகிறாய். அதற்குப் பிறகு நான் எழுதின இரண்டும் கிடைத்ததா? மாதம் ஒன்று போய்விட்டது. உன் கையெழுத்தைக் காணாமல் தபால்காரனின் காலடிக்கே செவி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். குழந்தை என்னைக் கண்டால் சிரிக்கிறது.

ஒரு விசயம். தியாகராஜா அண்ணையின் கார் வாஷில் பெரிய வால்வ் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. அந்தச் சவர்க்காரத் தண்ணீர் தெருவுக்குத் திரும்பாமல் காக்கிறது அதுதான். வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பித்தே ஆகவேண்டும். ஐப்பசியில் கம்சி வந்து செய்வாள். இந்த முறை தவணை தாண்டிவிட்டது. தண்ணிக் கொம்பனி இரண்டு முறை எழுதியும் மனுசன் அசையவில்லை. அவருடைய மனைவி வந்து எனக்குச் சொன்னா. நான் போனேன்.

"ஏன் அண்ணை ஆளைக் கூப்பிடேல்லை?"

"எப்பிடித் தங்கச்சி கூப்பிடுறது? அவள் நிண்ட இடத்தில இன்னொருத்தன் வந்து நிண்டு... எனக்கு மனம் வரேல்லை."

"அவள் உயிரோட இருந்தா இதுக்கு உங்களுக்கு என்ன பேச்சு விழுந்திருக்கும் தெரியுமோ?"

"தெரியாமலோ! வந்தாலே முதல் பேச்சு, பிறகுதான் சோதனை. ‘அங்கிள், பெட்டிக்கு முன்னால கார் ரயரை அடுக்காதேங்கோ எண்டு எத்தினைதரம் சொன்னனான்’ எண்டு."

"இப்ப என்ன அடுக்கியிருக்கிறியள்?"

அவர் திரும்பிப் பார்த்தார். ரயர்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம், யோகம். அவள் போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். பிறகு அந்த மனுசன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"என்ர பின்வளவு வால்வ் வேலை செய்யாமல் விட்டிருந்தா இண்டைக்கு ஒரு வீடு இருண்டு கிடக்கும் அண்ணை. அவளுக்காக எண்டு சொல்லி அவளின்ர வேலையைக் கெடுக்காதேங்கோ" என்றேன். அடுத்த கிழமை ஆள் வருகிறார்.

எழுது தங்கச்சி. ஒரு வரி என்றாலும் எழுது.

அக்கா

*

கரவெட்டி,
26.1.2025

அன்பு அக்காவுக்கு,

ஏசாதே. நான் சுகம். வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது உண்மை. தபால் கந்தோருக்குள்ளும்தான் வந்தது. உன் மூன்று கடிதமும் போன கிழமை ஒன்றாகக் கிடைத்தன, ஒன்றில் மை ஊறியும் போயிருந்தது. முதலாவதை வாசித்து நெஞ்சைப் பிடித்தேன், இரண்டாவதை வாசித்துக் கும்பிட்டேன். தேங்காய் உடைத்தாயிற்று. தாமதமான தேங்காய் என்று பிள்ளையார் கோபிக்க மாட்டார். அந்த டொலறஸ் அக்காவுக்கு என் பெயரையும் சொல்லி நன்றி சொல்லு.

இனி இதைக் கவனமாக வாசி.

வீட்டுக்குத் திரும்பின உடனே கிணறு இறைத்தோம். சேறு. மோட்டரைக் கழுவும்போது பைப் மூட்டில் ஒரு பொட்டைக் கண்டேன். போன வருடம் கம்சி வந்து நின்றபோது அந்தப் பைப்பை அவள்தான் திருத்தினவள், உனக்குத் தெரியும். முடிந்தவுடன் பையில் இருந்து கியூட்டெக்ஸ் போத்தலை எடுத்து, மூட்டுக்குக் குறுக்கே ஒரு பொட்டு வைத்தாள். எனக்குச் சிரிப்பு.

"நகத்துக்குப் பூசடி, மாப்பிள்ளை பாப்பம்" என்றேன்.

அவள் போனில் எழுதிக் காட்டினாள்: "என்ர நகத்தை ஆர் களவாக் கழட்டப் போகினம் சின்னம்மா? இதை ஆராவது திருப்பினா பொட்டு வெடிக்கும். அப்ப தெரியும். நான் பூட்டிற எல்லாத்துக்கும் வைப்பன்."

வெள்ளத்துக்குள் கிடந்தும் அந்தப் பொட்டு வெடிக்கவில்லை. கத்தரிப்பூ நிறம், அக்கா.

உன் பைப்பில் இருக்கிறது என்ன நிறம்? பகல் வெளிச்சத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்.

யோகம்

*

குட்மேய்ஸ்,
9.2.2025

யோகம்,

பார்த்தேன்.

வேறொன்றும் இன்றைக்கு எழுத வராது. நீ நல்லாய் இருக்க வேணும், நல்லாய் இருக்க வேணும்.

அக்கா

*

குட்மேய்ஸ்,
16.3.2025

என்ர குஞ்சு,

இந்த முறை சுகம் கேட்டுத் தாள் கிழிக்கவில்லை. என் சுகத்தைச் சொல்கிறேன். முழங்கால் பரவாயில்லை. சமையலறை பல்பைத் தாரகா மாற்றித் தந்தாள். தாங்க்ஸ் கேட்டு நிற்கவில்லை, நானாகச் சொன்னேன்.

சின்னம்மாவின் கடிதம் வந்த அன்று உன் பையில் இருந்து போத்தலை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். மாரி வெயில் கொஞ்சமாக விழுந்தது. கண்ணாடியைப் போட்டேன். போத்தலை வால்வுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதே நிறம். என் கையைப் பித்தளையில் வைத்துக்கொண்டு நின்றேன். சில்லென்று இருந்தது. டொலறஸ் அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சிவம், ஏன் பைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்றா. சொன்னேன். அவ ஓடிவந்து தானும் தொட்டுப் பார்த்தா. பிறகு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் விரலையும் அந்தப் பொட்டில் வைத்தா.

கார் வாஷுக்கும் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அங்கேயும் உன் பொட்டு, வருடத்துக்கு ஒன்றாக வரிசைக்கு இருக்கிறது. புதிதாக வந்த சோதனைக்காரர் உன்னுடையதைச் சுரண்டவில்லையாம். பக்கத்தில் தன் மஞ்சள் பெயின்றால் ஒன்று வைத்திருக்கிறார். வால்வ் சரியாக வேலை செய்கிறதாம். தியாகராஜா அண்ணை ரயரை வேறு இடத்தில் அடுக்கிவிட்டார். நீ நம்ப மாட்டாய்.

நான் இப்போது ஹோஸைத் தண்ணீருக்குள் விடுவதில்லை. தாரகா அளந்து வெட்டித் தந்தாள், பரலின் வாய்க்கு மேலேயே தொங்குகிறது. பாசி மருந்து வாங்குவதில்லை, தும்புத்தடியால் உரஞ்சுகிறேன். கோயிலில் நாலு பெண்கள் இருந்தால் இந்தக் கதையைத் தொடங்கிவிடுகிறேன். என்னைக் கண்டால் இப்போது விலகிப் போகிறார்கள். நீ வேலைக்குப் போன இடங்களில் உன்னைக் கண்டு விலகின மாதிரித்தான்.

நீ சொல்வதை விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். உனக்கு அலுத்துவிட்டது என்று முந்தின கடிதத்திலும் எழுதியிருக்கிறேன், அது இந்தப் பைக்குள்தான் கிடக்கிறது. அலுக்கவில்லை. இவள் திருந்த மாட்டாள் என்று கண்டு, நான் திருந்தாமலே ஒருவருக்கும் கேடு வராதபடி செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாய். பல்புக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் இதற்கு வாயே திறக்கவில்லை. அந்தக் குழந்தை உன்னால் இருக்கிறது, அந்த வீட்டில் விளக்கு எரிகிறது, நான் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். தாங்க்ஸ், குஞ்சு. தாங்க்ஸ்.

ஒன்று மட்டும். இதைப் பூட்டுவதென்றால் வீட்டுத் தண்ணீரை நிப்பாட்டியிருக்க வேண்டும் என்று தியாகராஜா அண்ணை சொன்னார். அதைக் கேட்ட நேரத்தில் இருந்து யோசிக்கிறேன். ஒருநாள் நான் அரிசி கழுவிக்கொண்டு நிற்கப் பைப்பில் தண்ணீர் நின்றது. "கம்சி, தண்ணி வரேல்லையடி!" என்று கத்தினேன். பின்வளவில் இருந்து நீ சொன்னாய்: "இப்ப வரும் அம்மா, கொஞ்சம் பொறுங்கோ." நான் எட்டிப் பார்க்கவில்லை. அரிசிச் சட்டியோடு அப்படியே நின்றேன். கொஞ்சத்தில் தண்ணீர் வந்தது.

அந்த நாள்தானா, குஞ்சு?